கைக்கு இலேசு, காப்பதற்குக் கனம்

கவுதாரி வேட்டைக்காகச் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பழைய வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. வேட்டைக்குத்தான் சட்டத்தில் இடமில்லை. இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. எதை வைத்துக்கொள்வது? எதை விடுவது?

இரட்டைக் குழல் துப்பாக்கியை இந்தியர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்தது வங்கி வாசலில்தான். ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி அவர் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும். திருடன் அதைப் பார்த்துப் பயப்படலாம். ஆனால் இரு குழல்களைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டவைத்த அந்த வடிவம் திருடனுக்காகப் பிறந்ததல்ல. புதரிலிருந்து படபடவென்று கிளம்பும் பறவைக்காகப் பிறந்தது.

உரிமப் புத்தகத்தில் அதன் பெயர் டிபிபிஎல். இரட்டைக் குழல், பின்புறம் தோட்டா போடுவது என்பது பொருள். இங்கிலாந்தில் செய்து கல்கத்தாவில் விற்கப்பட்ட நூறு வயதுத் துப்பாக்கியும், பிகாரின் முங்கேரில் செய்த காவலர் துப்பாக்கியும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். காகிதத்தில் இரண்டும் ஒன்று. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் இப்போது குடும்பப் பிரச்னையாகியிருக்கிறது. 2019 டிசம்பரில் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தது என்றாலும் கணக்கு இரண்டுதான். மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. தாத்தாவின் துப்பாக்கி தன் பெயருக்கு வரும்போது ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவருக்கும் அதே நிலைதான். ஒரு காலத்தில் துப்பாக்கிக் கடையில் நின்று கேட்ட கேள்விகளை இன்று வாரிசுகள் அலமாரியைத் திறந்துவைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

எடையின் கணக்கு

பறவை வேட்டையில் நின்று சுடுவது, நடந்து சுடுவது என்று இரண்டு ரகம் உண்டு. 1938 நவம்பர் 12 அன்று பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. இன்றைய கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அந்தக் கணக்கு கல்வெட்டிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வேட்டையில் துப்பாக்கியின் எடை ஒரு பொருட்டல்ல. மறைவிடத்தில் நின்றால் வாத்துகள் தலைக்கு மேல் வரும். துப்பாக்கி கனமாக இருந்தால் நல்லதுகூட. தோளில் உதை குறையும்.

கவுதாரி வேட்டை வேறு. கவுதாரி பறப்பதைவிட ஓடுவதில் கெட்டி. கம்பு அறுத்த காட்டிலும் முள்புதர் ஓரத்திலும் அதன் பின்னால் காலை முழுக்க நடக்க வேண்டும். நடக்கும் நேரமெல்லாம் துப்பாக்கி இரு கைகளிலும் தயாராக இருக்க வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால், அதைக் கழற்றுவதற்குள் பறவை எட்டாத தூரம் போய்விடும். இப்படி மணிக்கணக்கில் சுமப்பவருக்கு அரைக் கிலோ கூடுதல் எடை என்பது சாதாரண விஷயமல்ல. கை சோர்ந்தால் குழல் எழும்பத் தாமதமாகும். குறி பறவைக்குப் பின்னால் போகும்.

அப்படியானால் எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லதா? இல்லை. பர்மிங்ஹாமின் புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ.டபிள்யூ.கிரீனர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்குச் சொன்னார்: தோட்டாவில் உள்ள ஈய ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும். 30 கிராம் ரவைக்கு ஏறக்குறைய 2.9 கிலோ. 28 கிராமுக்கு 2.7 கிலோ. 24 கிராமுக்கு 2.3 கிலோ. இதற்குக் கீழே போனால் உதை தோளைப் பதம் பார்க்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. மிக இலேசான துப்பாக்கி சட்டென்று எழும்பும், சட்டென்று நின்றும் போகும். பறக்கும் பறவையோடு குழல் சீராக நகர்ந்துகொண்டே இருப்பதற்குக் கொஞ்சம் கனம் தேவை.

ஆகவே நல்ல இலேசுத் துப்பாக்கியின் ரகசியம் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. குழல் மடியும் கீல் அருகே விரலில் வைத்தால் தராசு போல நிற்க வேண்டும். இரு கைகளுக்கும் நடுவே கனம் கூடி, முனையும் கட்டையும் இலேசாக இருக்க வேண்டும். 3 கிலோ துப்பாக்கி இப்படி அமைந்தால் கையில் இரண்டரைக் கிலோ போலத் தோன்றும். முனை கனத்த இரண்டரைக் கிலோ துப்பாக்கி மூன்றரைக் கிலோ போலத் தொல்லை கொடுக்கும்.

எண் சிறியது, குழல் பெரியது

12 போர், 16 போர், 20 போர் என்பதில் பலருக்கும் குழப்பம். எண் கூடக் கூடக் குழல் பெரிதாகும் என்று நினைப்பார்கள். நேர்மாறு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 போர் குழலின் உள்ளளவு, சுமார் 18.5 மி.மீ. 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுக்கும். 20 போரின் உள்ளளவு சுமார் 15.6 மி.மீ. 410 என்ற மிகச் சிறிய ரகம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலக் கணக்கு. உள்ளளவு சுமார் 10.4 மி.மீ.

20 போர் துப்பாக்கியில் குழல், கீல், கட்டை எல்லாமே ஒரு சுற்று சிறிது. அதனால் இரண்டரைக் கிலோவிலேயே நல்ல துப்பாக்கி கிடைத்துவிடும். நடந்து வேட்டையாடியவர்கள் அதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தியாவில் பெரும்பாலான கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 12 போர் தோட்டாதான். புணே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் தோட்டாக்களிலும் பிரபலமானது அந்த ரகமே. தோட்டா கிடைக்காத துப்பாக்கி சுவரில் மாட்டத்தான் உதவும். 410 ரகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. உதை குறைவு என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது என்பார்கள். அதில் ரவை குறைவு. குறி பிசகினால் பறவை சாகாமல் அடிபட்டுப் போகும். அது தேர்ந்த கையின் துப்பாக்கி.

இரண்டு விசைகள் எதற்கு?

பழைய இரட்டைக் குழலில் இரண்டு விசைகள் இருக்கும். அதைப் பழமை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் அதில்தான் இந்த வடிவத்தின் புத்திசாலித்தனமே இருக்கிறது. முன்விசை பெரும்பாலும் வலக் குழலைச் சுடும், பின்விசை இடக் குழலை. வலக் குழலின் முனை திறந்திருக்கும், ரவை விரிந்து பரவும். இடக் குழலின் முனை சற்றுக் குறுகியிருக்கும், ரவை கூட்டமாகப் போகும். இந்தக் குறுக்கத்துக்குச் சோக் என்று பெயர்.

குறுக்கமே இல்லாத குழலில் சுட்டால், 40 கஜ தூரத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் ஏறக்குறைய 40 சதவீத ரவை விழும். முழுச் சோக்கில் சுமார் 70 சதவீதம். காலடியில் கிளம்பும் பறவைக்கு முழுச் சோக் கூடாது. ஒன்று தவறும், அல்லது பறவை சின்னாபின்னமாகும். தூரத்தில் கிளம்பிய பறவைக்குத் திறந்த குழல் கூடாது. அடிபட்டுத் தப்பும். இரண்டு விசை இருந்தால், எந்தக் குழல் என்ற முடிவை அந்தக் கணத்தில் விரலே எடுத்துவிடும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது தோளுக்குப் பொருத்தம். நல்ல கடைக்காரர்கள் சட்டைக்கு அளவெடுப்பதுபோல அளவெடுத்தார்கள். விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை நீளம் எவ்வளவு, கன்னம் படும் இடம் எவ்வளவு தாழ்வு, கட்டை எந்தப் பக்கம் எவ்வளவு வளைவு என்று மூன்று அளவுகள். கண்ணை மூடித் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால் பார்வை குழலின் நடுவே நேராகப் போக வேண்டும். தாத்தாவுக்கு அளவெடுத்த கட்டை பேரனுக்குப் பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கல்கத்தாவும் முங்கேரும்

இந்தத் துப்பாக்கிகள் நாட்டுக்குள் வந்த பெரிய வாசல் கல்கத்தா. மான்டன், ரோடா ஆகிய கடைகள் அங்கே பிரசித்தம். இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ரோடா நிறுவனத்தின் பெயர் சுதந்திரப் போராட்ட வரலாற்றிலும் உண்டு. 1914 ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்துதான் வங்கப் புரட்சியாளர்கள் 50 மாசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்தினார்கள்.

முங்கேரின் கதை இன்னும் பழையது. வங்க நவாப் மீர் காசிம் 1760களின் தொடக்கத்தில் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து அங்கே மாற்றி, ஆயுதப் பட்டறை அமைத்தார். 1764இல் பக்சர் போரில் அவர் தோற்றார். பட்டறைத் தொழில் ஊரிலேயே தங்கிவிட்டது. உரிமம் பெற்ற பட்டறைகள் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் செய்து நாடு முழுக்க அனுப்பின. அதே ஊரின் பெயர் கள்ளத் துப்பாக்கி வழக்குகளில் அடிபடுவது தனிச் சோகம்.

1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு அடைபட்டது. விதிவிலக்கு பெரும்பாலும் போட்டி வீரர்களுக்குத்தான். விளைவு: ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் மதிப்பு ஏறியது. பழையது என்பதாலேயே நல்லது என்ற நினைப்பும் கூடவே வளர்ந்தது. ஆபத்து அங்கேதான்.

அலமாரியில் ஆபத்து

பழைய துப்பாக்கியின் அழகு கட்டையில் தெரியும். ஆயுள் குழலின் அடிப்பாகத்தில் எழுதியிருக்கும். குழலைக் கழற்றித் திருப்பினால் சிறு சிறு முத்திரைகள் தெரியும். லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துக் குத்திய முத்திரைகள் அவை. அதில் 'நைட்ரோ' சோதனைக் குறி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் அந்தக் குழல் கருமருந்துக் காலத்துக்காகச் சோதிக்கப்பட்டது என்று கொள்ள வேண்டும். இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவை அதில் போடக்கூடாது. இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். மேலே அலை அலையாகக் கோலம் அழகாகத் தெரியும். உள்ளே துரு எங்கே ஊறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி, தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று சாதாரணமாக விற்கும் தோட்டா 70 மி.மீ. 'உள்ளே போகிறதே, பிறகென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. போகும். சுடாத தோட்டாவின் முனை மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். சுட்டதும் மடிப்பு விரிந்து 70 மி.மீ. ஆகும். 65 மி.மீ. அறையில் அந்த விரிப்புக்கு இடமில்லை. வழி நெருங்கி, அழுத்தம் எகிறும்.

மூன்றாவது எச்சரிக்கை 12 போரும் 20 போரும் சேர்ந்திருக்கும் வீடுகளுக்கு. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கிப்போய்ச் சற்று முன்னால் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். மேலே இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, தாங்கிப் பிடித்த கையே போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே உலகெங்கும் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மற்றவை விஷயம் தெரிந்த பழுதுபார்ப்பவர் பார்க்க வேண்டியவை. மூடிய துப்பாக்கியில் குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் குழல் மணி போல ஒலிக்கிறதா, ஓட்டைப் பாத்திரம் போலவா? மணி ஒலி என்றால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. முனையை மேலே வைத்து வருஷக்கணக்கில் நிறுத்திய துப்பாக்கியில் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலை ஊறிப்போயிருக்கும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்தது துருப்பிடித்திருக்கும்.

பறவை கைவிட்டுப் போனது

எல்லாம் சரியாக இருந்தாலும் கவுதாரியைச் சுட முடியாது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த உடனேயே எல்லா வேட்டையும் நின்றுவிடவில்லை. சிறு வேட்டைக்கு உரிமம் வழங்க அதில் இடமிருந்தது. 1991 திருத்தம் அந்த வழியை அடைத்தது. 2022இல் மீண்டும் திருத்தப்பட்டபோது பொதுவான மீறல்களுக்கான அதிகபட்ச அபராதம் 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமானது. சிறைத் தண்டனையும் உண்டு. உணவகத் தட்டில் வரும் காடை பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை. வயலில் கூவும் காடை அல்ல.

இதில் வருத்தப்படுவதற்கு அதிகமில்லை. பறவைகளைப் பற்றி இந்தியா அறிந்ததில் கணிசமான பங்கு துப்பாக்கி பிடித்தவர்கள் தந்ததுதான். காங்கிரஸின் நிறுவனர்களில் ஒருவரான ஏ.ஓ.ஹியூம், மார்ஷலோடு சேர்ந்து வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். சாலிம் அலியின் பறவை ஆர்வம், சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டை அடையாளம் காண பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதில் தொடங்கியது. ஆனால் புதர்க்காடுகள் சுருங்கிவிட்ட நாட்டில் பறவைக்குத் தேவை துப்பாக்கியல்ல, புதர்.

சட்டத்துக்கு உட்பட்டுச் சுட எஞ்சியிருப்பது களிமண் தட்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் அந்தத் திசையில் போனவர். 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றார். தில்லி துக்ளகாபாத் சுடுதளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டிக்கு வீரர்கள் எடுப்பது மேலும் கீழுமாகக் குழல் அமைந்த, மூன்றரைக் கிலோவைத் தாண்டும் துப்பாக்கி. ஒரே நாளில் நூறு தோட்டாவுக்கு மேல் சுடுபவருக்கு இலேசு என்பது தண்டனை. தாத்தாவின் துப்பாக்கியை அங்கே கொண்டுபோனால் சில சுற்றுகள் சுடலாம், பதக்கத்தை எதிர்பார்க்கக்கூடாது.

வாரிசு செய்ய வேண்டியது

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை அலமாரியில் அப்படியே வைத்திருப்பது குற்றம். தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் அரசே துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்று 2019 திருத்தம் கடுமையாக்கியிருக்கிறது.

சாவு வரை காத்திருக்கவும் வேண்டாம். உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பல குடும்பங்கள் இதை அறியாமல் தவறவிடுகின்றன. பெரியவர் இருக்கும்போதே மாற்றினால் இன்னொரு லாபம்: எந்தத் தோட்டா போட்டார், எங்கே பழுது பார்த்தார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மாற்றும்போது இலேசாக்குகிறேன் என்று குழலை வெட்டக் கூடாது. உரிமமின்றிக் குழலைக் குறைப்பதே தனிக் குற்றம். சாதாரண உரிமத்துக்குரிய துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கர்நாடகத்தின் குடகில் மட்டும் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் கைல்போத் பண்டிகையன்று அங்கே துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்வார்கள். மற்ற ஊர்களில் துப்பாக்கியைச் சுற்றி நடப்பது பூஜையல்ல, அலைச்சல்: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பு.

அந்த அலைச்சலுக்குத் தகுந்த துப்பாக்கியா என்பதே வாரிசு கேட்க வேண்டிய கேள்வி. நைட்ரோ முத்திரை இருந்து, குழல் திடமாக இருந்து, தோட்டா கிடைத்து, தோளுக்கும் பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம். டமாஸ்கஸ் குழலோ, ஆடிப்போன கீலோ இருந்தால், பொறித்த பெயர் எவ்வளவு பெரியதானாலும் அதில் தோட்டா போடக்கூடாது. சுடவே முடியாத ஒன்றை இரண்டுக்குள் ஒன்றாக எண்ணி வைத்திருப்பதற்குப் பாசம் மட்டுமே காரணமாக இருக்க முடியும். பாசம் காரணம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உரிமம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.